சிங்கப்பூர், மலேசியா டூர் போறீங்களா? கைக்குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேணும்... உஷார்!

சென்னை:

கோடை லீவு விட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பிய காலம் போய், இப்போது சிங்கப்பூர், மலேசியா என்று பிள்ளை குட்டிகளோடு விமானம் ஏறுகிறார்கள். இதில் பணக்காரர்கள் மட்டும் இல்லை. ஏலச்சீட்டு கட்டி, போனசை சேர்த்து வைத்து, வாழ்க்கையில் ஒரு தடவையாவது பிள்ளைகளுக்கு வெளிநாட்டைக் காட்டிவிட வேண்டும் என்று போகிறவர்களும் இருக்கிறார்கள்.

டிக்கெட், ஓட்டல் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து செய்கிறவர்கள் கோட்டை விடுவது குழந்தையின் பேப்பர்களில்தான். ஏர்போர்ட் கவுண்ட்டரில் குழந்தையின் பாஸ்போர்ட் சரியில்லை என்று சொல்லிவிட்டால், மொத்தக் குடும்பமும் மூட்டை முடிச்சோடு வீடு திரும்ப வேண்டியதுதான். மலிவு விலை டிக்கெட் என்றால் கட்டிய காசும் பெரும்பாலும் கைக்கு வராது.

முதல் தடவை குழந்தைகளோடு கிளம்புகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை வருமாறு:-

அம்மா பாஸ்போர்ட்டில் பெயர் இருந்தால் போதுமா?

போதாது. அப்பா, அம்மா பாஸ்போர்ட்டிலேயே பிள்ளையின் பெயரைச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் முன்பு இருந்தது. இப்போது பிறந்து சில மாதமே ஆன குழந்தையாக இருந்தாலும் தனி பாஸ்போர்ட் வேண்டும்.

பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் மனு செய்து, நேரம் குறித்துக்கொண்டு போகலாம். சென்னையில் சாலிகிராமம், அமைந்தகரை, தாம்பரம் ஆகிய இடங்களில் பாஸ்போர்ட் சேவை மையங்கள் உள்ளன. பல ஊர்களில் தபால் நிலையங்களிலும் இந்த வசதி இருக்கிறது. குழந்தையையும் நேரில் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு சாதாரண கட்டணம் 1000 ரூபாய். 8 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு புது பாஸ்போர்ட் என்றால் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வெள்ளை பின்னணியில் எடுத்த போட்டோவை நாமே கொண்டுபோக வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ் முக்கியம். 2023 அக்டோபர் 1-ந்தேதி அல்லது அதற்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த தேதிக்கு பிறப்புச் சான்றிதழ் தவிர வேறு எந்த ஆதாரமும் செல்லாது. பல வீடுகளில் பெயர் எழுதாத சான்றிதழையே பீரோவில் வைத்திருப்பார்கள். பிறந்து 12 மாதத்துக்குள் என்றால் இலவசமாக பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகு கட்டணம் கட்ட வேண்டும்.

அப்பா, அம்மா இருவரும் இணைப்பு 'டி' படிவத்தில் கையெழுத்து போட வேண்டும். கணவர் வெளிநாட்டில் இருக்கிறார், பிரிந்து போய்விட்டார் என்று இன்னொருவர் கையெழுத்து கிடைக்காத நிலை இருந்தால், காரணத்தைச் சொல்லி இணைப்பு 'சி' படிவம் கொடுக்கலாம்.

5 வருஷ கணக்கில் ஏமாறாதீங்க!

பெரியவர்களின் பாஸ்போர்ட் 10 ஆண்டுக்கு செல்லும். குழந்தைகளுக்கு 5 ஆண்டுதான். "நம்ம எல்லார் பாஸ்போர்ட்டும் இன்னும் நாலு வருஷம் இருக்கு" என்று நினைத்துக்கொண்டு இருந்தால், பிள்ளையுடையது மட்டும் முடிந்து போயிருக்கும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. சிங்கப்பூர், மலேசியா இரண்டு நாடுகளுமே பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் செல்லுபடி பாக்கி இருக்க வேண்டும் என்கின்றன. மே மாதம் பயணம், ஆகஸ்டில் பாஸ்போர்ட் முடிகிறது என்றால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

இனிஷியல் தகராறு

நம்ம ஊரில் பள்ளிக்கூடத்தில் ஒரு மாதிரி, சான்றிதழில் ஒரு மாதிரி பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து முழுப் பெயராக எழுத வேண்டும். டிக்கெட்டிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஒரு எழுத்து பிசகாமல் பெயர் இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டு டிக்கெட் எடுத்தால் ஆபத்து.

துபாய் போகிறவர்கள் கூடுதலாக கவனிக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாவது பக்கத்தில் அப்பா பெயர் அல்லது குடும்பப் பெயர் இருந்தால் ஏற்கப்படும் என்று பிறகு விளக்கம் தரப்பட்டது.

விசா யாருக்கு?

சிங்கப்பூருக்கு இந்தியர்கள் விசா எடுத்தே ஆக வேண்டும். கைக்குழந்தைக்கும் தனி விசா, தனி கட்டணம். நிராகரித்தாலும் கட்டணம் திரும்ப வராது.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதி கொடுத்தது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது.

இரண்டு நாடுகளுக்குமே, போய்ச் சேரும் தேதிக்கு முந்தைய 3 நாட்களுக்குள் ஆன்லைனில் வருகை அட்டை பதிவு செய்ய வேண்டும். வீட்டில் எத்தனை பேரோ, குழந்தையோடு சேர்த்து அத்தனை பேருக்கும் பதிய வேண்டும். இதற்கு ஒரு பைசா கிடையாது. பணம் கேட்கும் இணையதளம் என்றால் அது அரசு தளம் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

2 வயசு ஆச்சா?

2 வயது ஆகாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு குறைந்த கட்டணத்தில் போகலாம். பயணம் செய்யும் நாளில் உள்ள வயதுதான் கணக்கு. டூர் நடுவே பிறந்தநாள் வந்து 2 வயது முடிந்துவிட்டால், திரும்பி வரும்போது தனி சீட் வாங்க வேண்டும்.

குழந்தை வீல்னு அழுதா...

விமானம் இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் கூடும். காதுக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள சிறு குழாய் திறந்தால்தான் உள்ளே அழுத்தம் சமமாகும். சின்னக் குழந்தைகளுக்கு இது சுலபமாக திறக்காது. காது வலித்து அழும்.

பால் குடித்தாலோ, எதையாவது சப்பி விழுங்கினாலோ குழாய் திறந்துவிடும். எனவே இறங்கத் தொடங்கும் நேரத்தில் தாய்ப்பாலோ, பாட்டிலோ கொடுக்கலாம். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கொண்டுபோகக்கூடாது என்ற விதியில் இருந்து, பயணத்துக்குத் தேவையான அளவு குழந்தை பாலுக்கு விலக்கு உண்டு. சளி, காது வலி ஏற்கனவே இருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு கிளம்புவது நல்லது.

மசாலாவில் கசகசா வேண்டாம்!

பிள்ளைக்கு வெளிநாட்டு சாப்பாடு பிடிக்காது என்று பாட்டி மசாலாப்பொடி, பருப்புப்பொடி கட்டிக்கொடுப்பார். அதில் கசகசா இருக்கக்கூடாது. சிங்கப்பூரிலும், ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். சிங்கப்பூருக்கு சூயிங்கம் கொண்டுபோகவும் தடை உள்ளது. குழந்தையின் மருந்துகளை டாக்டர் சீட்டோடு, கம்பெனி அட்டையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

சிங்கப்பூர், மலேசியா நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை 8 மணி என்றால் பிள்ளைக்கு அது விடியற்காலை ஐந்தரை மணி. முதல் நாளே ஊர் சுற்ற இழுத்துக்கொண்டு போனால் பிள்ளை படுத்திவிடும். அன்றைக்கு மட்டும் மதியத்துக்கு மேல் வெளியே கிளம்பலாம்.

மொத்தத்தில் வரிசை இதுதான்: முதலில் பிறப்புச் சான்றிதழ், அடுத்து பாஸ்போர்ட், அதன் பிறகு விசா. இத்தனையும் கைக்கு வந்த பிறகே, பணம் திரும்ப வராத டிக்கெட்டில் கை வைக்க வேண்டும். தள்ளுபடி விலையைப் பார்த்து டிக்கெட்டை முதலில் எடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டுக்கு அலைவது சேர்த்து வைத்த காசை நாமே தண்ணீரில் போடுவது மாதிரி ஆகிவிடும்.