பல் சொல்லும், பதிவேடு எங்கே?

மண்ணில் புதைந்தாலும் நெருப்பில் வெந்தாலும் மனித உடலில் கடைசிவரை நிற்பது பல். அதன் மேலுறையான எனாமல், எலும்பைவிடக் கடினமானது. பெயர் தெரியாத எலும்புக்கூட்டை "இவர் இன்னார்" என்று சொல்ல அந்தப் பல் போதும். ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய குறிப்பு இருந்தால்!

1897 மே 4 அன்று பாரிசில், ஏழைகளுக்கு நிதி திரட்டச் சீமாட்டிகள் நடத்திய சந்தையில் தீப்பிடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் கருகினர். முகம் அழிந்துபோன அலான்சோன் சீமாட்டியை அவரது பல் மருத்துவர் கண்டு சொன்னார். தங்கம் வைத்து அடைத்தவர் அவர்தானே!

போடிநாயக்கனூருக்கு வருவோம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து, மலையேறப் போனவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த மலைத்தொடரில்தான் காலையில் ஜீப்பில் அடைபட்டு, போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள் நம் தாய்மார்கள். நாளை தீயோ மண்சரிவோ ஒருவரை விழுங்கி, எலும்பாகத் திருப்பித் தந்தால்? ஞானப்பல் வயதைத் தோராயமாய்ச் சொல்லும். வெற்றிலைக் கறை பழக்கத்தைச் சொல்லும். பெயரைச் சொல்லாது! பல் வலித்தால் கிராம்பு, தாளாவிட்டால் பிடுங்கல். இதற்கு எந்த ஏட்டில் குறிப்பு?

டி.என்.ஏ. சோதனை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, ஒப்பிட உறவினர் வேண்டும். வடக்கேயிருந்து வந்த கூலியாளின் உறவினரை எங்கே தேடுவது?

அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரைத் தோட்டத்துக்கு ஆள் போகும் ஊர்களுக்கு அனுப்புக! இருக்கும் பல், இழந்த பல், அடைத்த பல் மூன்றையும் அட்டையில் எழுதி, ஒரு படியைத் தொழிலாளியிடமும் ஒரு படியை மருத்துவமனையிலும் வைக்கட்டும். சொத்தைப் பல்லுக்கும் அன்றே வைத்தியம் நடந்துவிடும்.