இருவர் பெயரில் ஓர் இசை: விசுவநாதன்-இராமமூர்த்தி பற்றிய இரசிகர் விவாதமும் படைப்புரிமைச் சிக்கலும்

முன்னுரை

கோலசிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்த புஞ்சாக் ஆலாம், தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக உருமாறிய வட்டாரங்களுள் ஒன்றாகும். ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா எனச் சுற்றிலும் அமைந்த தோட்டங்களில் இரப்பரையும் செம்பனையையும் நம்பி வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல இன்று இத்தகைய வீடமைப்புகளில் குடியேறி விட்டன. இவர்களுள் மூத்த தலைமுறையினர் கோயில் திருவிழாக்களிலும் திருமண மண்டபங்களிலும் ஒட்டுக்கடைகளிலும் கூடிப் பழைய திரைப்பாடல்களைப் பற்றிப் பேசும்போது, பெரும்பாலும் ஒரு வினா எழுவதைக் காணலாம். மெல்லிசை மன்னர்கள் எனப் போற்றப்பட்ட எம்.எஸ். விசுவநாதன், டி.கே. இராமமூர்த்தி ஆகிய இருவருள் உண்மையில் மெட்டமைத்தவர் யார்? அவர்கள் பிரிந்த பின்னர் இசை தளர்ந்ததா? தளர்ந்ததெனில் யாருடைய இசை தளர்ந்தது?

இவ்விவாதத்தைப் பொழுதுபோக்குப் பேச்சென ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், ஒரு படைப்பு யாருக்குரியது, படைப்பாற்றலின் தளர்ச்சியை எவ்வாறு அளப்பது என்னும் இலக்கியத் திறனாய்வின் இரு அடிப்படை வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன. இக்கட்டுரை அவ்வினாக்களைத் தனித்தனியே பிரித்து விளக்க முற்படுகிறது. பெயர்ப்பட்டியல் எதற்குச் சான்றாகும், இரசிகரின் நினைவு எதற்குச் சான்றாகும் என்பதை வரையறுத்துக் கொள்வதே நமது நோக்கமாகும்.

இணைவும் பிரிவும்

விசுவநாதன் 1928ஆம் ஆண்டில் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர். இராமமூர்த்தி 1922ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் வயலின் மரபுடைய குடும்பத்தில் பிறந்தவர். இருவரும் இசையமைப்பாளர் சி.ஆர். சுப்பராமனின் குழுவில் பணியாற்றினர். 1952இல் சுப்பராமன் இளம் வயதிலேயே மறைந்தபோது, 'தேவதாஸ்' (1953) உள்ளிட்ட படங்களில் அவர் விட்டுச்சென்ற பணிகளை இவ்விருவரும் நிறைவு செய்தனர். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' (1952) படத்தில் இருவர் பெயரும் இணைந்து வெளிவந்தது. இந்தித் திரையுலகில் அப்போது புகழ்பெற்றிருந்த சங்கர்-ஜெய்கிஷன் இணையைப் போல் தமிழிலும் ஓர் இணை அமைய வேண்டும் எனக் கலைவாணர் விரும்பினார் என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி.

'பாகப்பிரிவினை' (1959), 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' (மூன்றும் 1961), 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962), 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' (மூன்றும் 1964) எனத் தொடர்ந்த இவ்விணையின் பயணம், 'ஆயிரத்தில் ஒருவன்' (1965) படத்தோடு நின்றது. 1963இல் சென்னையில் நடைபெற்ற விழாவில் நடிகர் சிவாஜி கணேசன் இவர்களுக்கு 'மெல்லிசை மன்னர்கள்' என்னும் பட்டத்தை வழங்கினார். அதன் பின் இரண்டே ஆண்டுகளில் இருவரும் பிரிந்தனர். பிரிவிற்குப் பின் விசுவநாதன் பல நூறு படங்களுக்கு இசையமைத்தார். இராமமூர்த்தி தனித்து இசையமைத்த படங்கள் இருபதிற்கும் குறைவே. முப்பது ஆண்டுகளுக்குப் பின் 'எங்கிருந்தோ வந்தான்' (1995) படத்தில் இருவரும் மீண்டும் இணைந்தனர். இராமமூர்த்தி 2013இலும் விசுவநாதன் 2015இலும் மறைந்தனர்.

இரசிகர் முன்வைக்கும் மூன்று நிலைப்பாடுகள்

இரசிகர்களின் வாதங்களைத் தொகுத்து நோக்கினால் மூன்று நிலைப்பாடுகள் தெளிவாகின்றன. மெட்டுகள் யாவும் விசுவநாதனுடையவை, இராமமூர்த்தி வயலின் குழுவை நெறிப்படுத்தியவர் மட்டுமே என்பது முதலாவது. கருநாடக இசையறிவின் ஊற்று இராமமூர்த்தியே, அவர் விலகிய பின் விசுவநாதனின் இசை மேற்கத்திய ஒலிகளின் பக்கம் சாய்ந்து ஆழத்தை இழந்தது என்பது இரண்டாவது. இருவரையும் பிரித்துப் பார்த்தல் கூடாது, பாலில் கலந்த நீரைப் பிரித்தெடுக்க அன்னப்பறவை வேண்டும் என்பது மூன்றாவது.

முதல் இரண்டு நிலைப்பாடுகளும் எதிரெதிரானவை போல் தோன்றினும் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே. வயலினும் மரபிசையும் ஒருவருக்கு, மெட்டும் மேற்கத்தியப் புதுமையும் மற்றவருக்கு என்னும் பங்கீட்டை இரண்டுமே ஏற்றுக்கொள்கின்றன. இப்பங்கீடு சான்றுகளின்முன் நிலைபெறுகிறதா எனக் காண்போம்.

விசுவநாதனும் நீலகண்ட பாகவதரிடம் முறையாக இசை பயின்றவரே. ஆகவே மரபிசை அறிவு ஒருவருக்கே உரியதெனக் கூற இயலாது. மேலும், இராகங்களின் அடித்தளத்தில் எழுந்த 'கர்ணன்' படப்பாடல்களும் மேற்கத்திய மெல்லிசை துள்ளும் 'காதலிக்க நேரமில்லை' படப்பாடல்களும் ஒரே ஆண்டில் ஒரே இணையிடமிருந்து வந்தவை. பிரிவிற்குப் பிந்திய சான்றுகள் இதனினும் தெளிவானவை. இராமமூர்த்தி தனித்து இசையமைத்த 'நான்' (1967), 'தங்கச் சுரங்கம்' (1969) ஆகிய படங்களில் மேற்கத்தியத் தாளக்கட்டும் கேளிக்கை விடுதிப் பாடல்களின் துள்ளலும் உள்ளன. விசுவநாதன் தனித்து இசையமைத்த 'உயர்ந்த மனிதன்' (1968), 'சிவந்த மண்' (1969) ஆகிய படங்களிலோ விரிவான வயலின் கோவைகள் குறைவின்றி ஒலிக்கின்றன. எனவே, கருவியையும் பாணியையும் கொண்டு ஆளை அடையாளங்காணும் முறை இங்கே பயன்படவில்லை.

பெயர்ப்பட்டியல் எதற்குச் சான்று?

திரையில் தோன்றும் 'இசை' என்னும் பெயர்ப்பட்டியல் உழைப்பின் பங்கைக் காட்டும் ஆவணம் என்றே பலரும் கருதுகின்றனர். அது உண்மையில் ஓர் உடன்பாட்டின் பதிவேயாகும். இதனைப் பிறநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றால் விளக்கலாம். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும், பாடலை யார் எழுதினாலும் இருவர் பெயரிலேயே வெளியிடுவதென உடன்பட்டிருந்தனர். 1970இல் குழு கலைந்தது. 1965இல் வெளிவந்த 'இன் மை லைஃப்' என்னும் பாடலின் மெட்டு யாருடையது என்பதில் இருவரின் நினைவுகளும் முரண்பட்டன. 2002இல் வெளிவந்த தம் நேரடி நிகழ்ச்சித் தொகுப்பில் மெக்கார்ட்னி பெயர்களின் வரிசையை மாற்றித் தம் பெயரை முன்னே இட்டபோது அதுவும் சர்ச்சைக்குள்ளாயிற்று. படைத்தவர்களுக்கே ஐயம் எழும் இடத்தில் பெயர்ப்பட்டியல் தீர்ப்புச் சொல்ல இயலாது என்பது இதனால் பெறப்படும்.

பெயர் வரிசையிலிருந்து முடிவுக்கு வருதலும் இவ்வாறே பொருந்தாது. ஆறாண்டு மூத்தவரான இராமமூர்த்தியின் பெயர் இரண்டாவதாக அமைந்ததைக் கொண்டு, அவர் பங்கும் இரண்டாந்தரமானது எனக் கொள்வோர் உள்ளனர். வரிசை எதையும் நிறுவுவதில்லை.

இருவர் பெயருக்கு அப்பாலும் பங்களித்தோர் உண்டு. ஆர். கோவர்த்தனம், ஹென்றி டேனியல் முதலிய உதவியாளர்களும் அக்கார்டியன் கலைஞர் மங்களமூர்த்தி போன்றோரும் அந்த ஒலியின் உருவாக்கத்தில் பங்கேற்றவர்கள். 'இருவருள் யார்' என்னும் வினாவே இவர்களை மறைத்துவிடுகிறது.

நம் நாட்டிலும் இதனையொத்த நிலையைக் காணலாம். ஆறுமுகம் சகோதரர்களான டேவிட், லோகநாதன் ஆகியோரால் புகழ்பெற்ற அலிகேட்ஸ் குழுவின் மலாய்ப் பாடல்கள் பலவற்றை எம். நாசிர் போன்ற பிற இசையமைப்பாளர்களே படைத்தனர். எனினும், 2007இல் மறைந்த லோகநாதனின் குரலோடு அப்பாடல்கள் ஒன்றிவிட்டமையால், கேட்போர் பலர் பாடியவரையே படைத்தவராகக் கொள்கின்றனர்.

தமிழ் மரபில் கூட்டுப் படைப்பு

தமிழாசிரியர்களுக்கு இச்சிக்கல் புதியதன்று. இளஞ்சூரியர், முதுசூரியர் என்னும் இரட்டைப்புலவர்களுள் ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் நடக்க இயலாதவர் என்பது மரபு. தனிப்பாடல்களில் ஒருவர் முன்னிரண்டு அடிகளைப் பாட, மற்றவர் பின்னிரண்டு அடிகளால் முடித்தார் என்று கதைகள் கூறுகின்றன. ஆனால், 'தில்லைக் கலம்பகம்', 'திருவாமாத்தூர்க் கலம்பகம்' ஆகியவற்றைக் கற்பிக்கும்போது எச்செய்யுள் யாருடையது என நாம் வினவுவதில்லை. கூட்டுப் படைப்பைக் கூட்டுப் படைப்பாகவே ஏற்கும் பழக்கம் நம்மிடம் முன்பே உண்டு. அப்பழக்கத்தைத் திரையிசைக்கும் நீட்டிக்கலாம் என்பது நமது கருத்து. மூன்றாம் நிலைப்பாட்டினர் கூறும் அன்னப்பறவை உவமைக்கு இவ்வளவில் நியாயம் உண்டு.

ஆயினும், ஆய்வு அங்கேயே நின்றுவிட வேண்டும் என்பதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் மார்க் கிளிக்மன் உள்ளிட்டோர், ஆசிரியர் யாரெனத் தெரிந்த பீட்டில்ஸ் பாடல்களின் சுர நகர்வுகளையும் இசையொருங்கின் அமைப்புகளையும் அளவிட்டு, ஐயத்திற்குரிய பாடல்களை அவற்றோடு ஒப்பிட்டு 2019இல் ஆய்வு வெளியிட்டனர். மெல்லிசை மன்னர்களுக்கும் இம்முறையைப் பொருத்திப் பார்க்கலாம். 1965க்குப் பிந்திய தனிப்படைப்புகளே ஒப்பீட்டிற்கு அடிப்படையாகும். ஆனால், காலமாற்றத்தால் வந்த வேறுபாட்டை ஆள் வேறுபாடாகக் கொண்டுவிடும் இடர் இதில் உண்டு என்பதையும் மறத்தலாகாது.

தளர்ச்சி என்பது எது?

பிரிவே தளர்ச்சிக்குக் காரணம் எனில், 1965ஐ ஒட்டியே அது புலப்பட வேண்டும். நிகழ்ந்தது வேறு. 'அன்பே வா' (1966), 'உலகம் சுற்றும் வாலிபன்' (1973), 'அவள் ஒரு தொடர்கதை' (1974), 'அபூர்வ ராகங்கள்' (1975) ஆகியவை பிரிவிற்குப் பின் விசுவநாதன் தனித்துப் படைத்தவை. தமிழ்நாடு அரசு 1970இல் ஏற்ற தமிழ்த்தாய் வாழ்த்திற்கு மோகன இராகத்தில் மெட்டமைத்தவரும் அவரே. இசைக்குழு ஒன்றையே கதைப்பொருளாகக் கொண்ட 'நினைத்தாலே இனிக்கும்' 1979இல் வெளிவந்தது. அவருடைய செல்வாக்குக் குறையத் தொடங்கியது, இந்திப் பாடல்கள் தமிழ் இளைஞரை ஈர்த்த 1970களிலும், 1976இல் 'அன்னக்கிளி' வழி இளையராஜா அறிமுகமானதன் பின்னரும் ஆகும். பிரிவிற்கும் அதற்கும் இடையே பதினோர் ஆண்டுகள் உள்ளன. கேட்போரின் சுவை மாறியதை ஒருவரின் ஆற்றல் குன்றியதாகக் கொள்ளுதல் பிழையாகும்.

இராமமூர்த்தியை மதிப்பிடுவதிலும் இத்தகைய பிழை நேர்கிறது. விசுவநாதனுக்குக் கண்ணதாசனும் வாலியும் பாடல் எழுதினர், எம்.ஜி.ஆர்., சிவாஜி ஆகியோரின் பெரிய படங்கள் தொடர்ந்து வந்தன. இராமமூர்த்திக்கு அத்தகைய வாய்ப்புகள் குறைவு. படங்களின் எண்ணிக்கையைக் கொண்டு இருவரின் திறனையும் ஒப்பிடுவது, சமமற்ற நிலத்தில் விளைந்த இரு பயிர்களின் மகசூலைக் கொண்டு விதையின் தரத்தை முடிவு செய்வதற்கு ஒப்பாகும்.

நினைவு எதற்குச் சான்று?

இவ்வளவு சான்றுகள் இருந்தும், 1965க்குப் பின் இசை தளர்ந்தது என்னும் உணர்வு நம் வட்டாரத்து முதியோரிடம் ஏன் வலுவாக உள்ளது? இதற்கு விடை சென்னையின் ஒலிப்பதிவுக் கூடங்களில் மட்டும் கிடைக்காது. மலாயாவில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலமும் மெல்லிசை மன்னர்களின் உச்சக்காலமும் ஏறத்தாழ ஒன்றே. அத்துண்டாடலுக்கு எதிராகவே துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1969க்குப் பின் குடியுரிமையற்ற தொழிலாளர்கள் வேலை அனுமதிச் சட்டத்தால் தோட்டங்களைவிட்டு வெளியேறவும் நேர்ந்தது. லயத்து வீட்டு வானொலியிலும் தோட்டத் திடலில் திரைகட்டிக் காட்டிய படங்களிலும் கேட்ட பாடல்கள், அவ்வாழ்வின் அடையாளங்களாகவே நினைவில் பதிந்தன. அண்டை அயலாரோடு கூடிக் கேட்ட அனுபவம் குலைந்ததையே பலர் இசை குலைந்ததாகச் சொல்கின்றனர் எனக் கருத இடமுண்டு.

எனவே, மெட்டமைத்தவர் யார் என்னும் வினாவிற்கு இம்முதியோரின் சொற்கள் சான்றாக மாட்டா. தமிழ்ப்பாடல் மலேசியத் தோட்டத்தில் எவ்வாறு கேட்கப்பட்டது, எவ்வாறு வாழ்வோடு இணைந்தது என்னும் வினாவிற்கோ அவையே முதன்மைச் சான்றுகள். அத்தலைமுறை குறைந்து வருகிறது. அவர்கள் சொற்களை இப்போது பதிவு செய்யாவிடில், பின்னர் எந்த நூலகத்திலும் தேடிப் பெற இயலாது.

ஆசிரியர்க்குரிய பணி

இப்பணியைத் தமிழாசிரியர்கள் மாணவர் வழித் தொடங்கலாம். எப்பாடலை, எந்தத் தோட்டத்தில், எவ்வயதில் கேட்டார். வானொலியிலா, திடலிலா, இசைத்தட்டிலா. அப்பாடலை நடிகர், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் ஆகியோருள் யார் பெயரால் நினைவுகூர்கிறார். 'பிறகு குறைந்துவிட்டது' என்றால் எது குறைந்தது என்கிறார். இந்நான்கு வினாக்களே போதும். கிடைக்கும் விடைகளை வகுப்பில் வைத்து, கருத்து எது, சான்று எது, சான்று எவ்வளவு தூரம் செல்லும் என மாணவர்களைப் பிரித்தறியச் செய்யலாம். கருத்து விளக்கக் கட்டுரைக்கு இதனினும் உயிருள்ள பயிற்சி அமைதல் அரிது.

முடிவுரை

இணைப்பெயர் ஓர் உடன்பாட்டைப் பதிவு செய்கிறது. படைப்பில் யார் பங்கு எவ்வளவு என்பதை அது கூறுவதில்லை. தளர்ச்சி என்னும் தீர்ப்பில் காலமாற்றமும் வாய்ப்பு வேறுபாடும் கேட்போரின் சொந்த இழப்பும் கலந்துள்ளன. இவற்றைப் பிரித்தறிந்தால், வயலின் கலைஞர் என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் இராமமூர்த்தியை அடக்கிவிடும் அநீதியும் விசுவநாதனின் பிற்காலப் படைப்புகளைப் புறக்கணிக்கும் அநீதியும் ஒருங்கே நீங்கும். புஞ்சாக் ஆலாம் போன்ற வட்டாரங்களில் இன்றும் தொடரும் இவ்விவாதத்தை, மலேசியத் தமிழரின் கேள்வி மரபை அறிவதற்குரிய மூலமாகக் கொண்டு ஆராய்வது இந்தியவியல் துறையினர்க்கும் தமிழாசிரியர்க்கும் உரிய கடமையாகும்.