இளைத்த குதிரையைத் தேற்றும் முறை

குதிரை வளர்ப்போர் தொகை முன்னைப்போல் இல்லையாயினும், ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடி மாதந்தோறும் நடைபெறும் குருநாதசுவாமி கோயில் விழாச் சந்தைக்கு மார்வாரி, கத்தியவாரி முதலிய இனக் குதிரைகள் இன்றும் விலைக்கு வருகின்றன. சவாரிக்காகவும் வண்டிக்காகவும் அவற்றை வாங்கிப் பேணும் பண்ணைக்காரர் பலர் உளர். நெடுந்தூரம் ஏற்றிவரப்பட்டோ, தீனி குறைந்தோ, நோயுற்றோ எலும்புந் தோலுமாய் நிற்கும் குதிரையை வாங்கியவர், அதனை விரைவில் தேற்றக் கருதிக் கொள்ளையும் தவிட்டையும் தொட்டி நிறையக் கொட்டி வைப்பது வழக்கம். இந்த அன்பே சிற்சில சமயங்களில் அப்பிராணிக்கு எமனாய் முடிந்துவிடுகின்றது. ஆகவே, இளைத்த குதிரைக்கு எதனை, எப்பொழுது, எவ்வளவு கொடுத்தல் வேண்டும் என்பதை முறையாக அறிந்திருத்தல் அவசியம்.

இளைப்பை அளந்தறிதல்

கண்ணால் மாத்திரம் பார்த்து முடிவு செய்தல் கூடாது. அடர்ந்த மயிர் விலா எலும்புகளை மறைக்கும். சத்தற்ற வைக்கோலைத் தின்ற குதிரையின் வயிறு உப்பி, அது கொழுத்திருப்பதுபோற் காட்டும். கழுத்து, முதுகு மேடு, தோளின் பின்புறம், விலா, இடுப்பு, வாலடி ஆகிய ஆறு இடங்களையும் கையால் அழுத்திப் பார்த்தல் வேண்டும். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹென்னெக் என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும் வெளியிட்ட முறைப்படி, இவ்விடங்களிலுள்ள கொழுப்பை நோக்கிக் குதிரைக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் இடப்படுகின்றது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமலும் கைக்கு எளிதில் தட்டுப்படுமாறும் இருப்பின் மதிப்பு 5. இதுவே நடுத்தரமான நல்ல நிலை. 3-ம் அதற்குக் கீழும் இளைப்பைக் குறிக்கும். 1 என்பது உயிருக்கே அபாயமான நிலை.

எடை காண நாடாவே போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்பைச் சுற்றிய அளவையும், தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரையுள்ள நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுக்க. சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, மீண்டும் நீளத்தாற் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் எடை ஏறக்குறையக் கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 150-ம் நீளம் 140-ம் உள்ள குதிரையின் எடை சுமார் 265 கிலோ ஆகும்.

காரணத்தைக் காணுதல்

தீவனம் குறைவதொன்றே இளைப்புக்குக் காரணமன்று. முதலில் வாயைச் சோதித்தல் வேண்டும். குதிரையின் பற்கள் ஆயுள் முழுவதும் சிறிது சிறிதாக வெளிவந்து தேய்பவை. கடைவாய்ப் பற்களுள் மேற்பல்லின் வெளி விளிம்பும் கீழ்ப்பல்லின் உள் விளிம்பும் கூர்மையாகிக் கன்னத்தையும் நாவையும் கிழிக்கும். மென்ற புல்லை உருண்டையாக உமிழ்தலும், சாணத்தில் முழுத் தானியம் காணுதலும் இதற்கு அறிகுறிகள். இத்தகைய குதிரைக்கு எவ்வளவு தீனி வைத்தும் பயனில்லை; பற்களை அராவச் செய்வதே தக்க பரிகாரம்.

இரண்டாவது காரணம் குடற்புழு. சாணத்தைக் கால்நடை மருந்தகத்தில் சோதித்த பின்னரே மருந்து கொடுத்தல் வேண்டும். மிக இளைத்த குதிரைக்கு முதல் நாளே கடுமையான புழுமருந்து புகட்டுவது தீங்கு பயக்கும்.

மூன்றாவது, நோய்கள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரத்த சோகை, கால்களிலும் வயிற்றடியிலும் வீக்கம், நன்றாகத் தின்றும் இளைத்தல் ஆகியவை சர்ரா நோயைக் குறிக்கலாம். குதிரை ஈக்கள் கடித்துப் பரப்பும் இந்நோயின் கிருமியை 1880-ஆம் ஆண்டில் பஞ்சாபில் கிரிபித் எவன்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் கண்டறிந்தார். மூக்கிற் சீழும் தோலிற் கட்டிகளும் தோன்றின் அது கிளாண்டர்ஸ் என்னும் கொடிய தொற்றுநோயாக இருக்கலாம். இது மனிதரையும் பற்றும். அவ்வாறு ஐயுற்றால் குதிரையைத் தனியே கட்டி, உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவித்தல் வேண்டும்.

பட்டினி கிடந்த குதிரை

மதிப்பு 1 அல்லது 2 உள்ள குதிரையின் உடல், கொழுப்பையும் தசையையும் எரித்தே உயிர் காத்திருக்கும். பாஸ்பரம், பொட்டாசியம், மக்னீசியம் முதலிய தாதுக்களும் அதன் உடலில் வற்றியிருக்கும். அந்நிலையில் தானியத்தை மிகுதியாகக் கொடுத்தால், மாவுச்சத்து சர்க்கரையாகி இரத்தத்திற் கலக்க, அதனை அடக்க இன்சுலின் பெருகும். இன்சுலினால் எஞ்சிய தாதுக்களும் இரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் புகுந்துவிடுகின்றன. இதனால் இருதயமும் சுவாசமும் தளர்ந்து, தீனி தொடங்கிய 3 முதல் 10 நாட்களுக்குள் குதிரை மாண்டுபோகக்கூடும். வயிறார உண்டபின் இறந்ததைக் கண்டு திருஷ்டியென்றும் விஷமென்றும் சொல்வது தவறு.

இத்தகைய குதிரைகளுக்கு மாவுச்சத்துக் குறைந்ததும் புரதமும் தாதுக்களும் மிகுந்ததுமாகிய குதிரைமசாலே சிறந்ததென்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியார் ஆராய்ந்து கண்டனர். முதல் 3 நாட்களுக்கு 4 மணிக்கொரு முறையாக நாளொன்றுக்கு 6 வேளை, உலர்ந்த குதிரைமசால் வேளைக்குச் சுமார் 270 கிராம் வீதம் 265 கிலோ குதிரைக்குப் போதும். 4-ஆம் நாள் முதல் வேளைகளைக் குறைத்து அளவை மெல்லக் கூட்டி, 6-ஆம் நாளில் 3 வேளையாக மொத்தம் சுமார் மூன்றரைக் கிலோ கொடுக்கலாம். 10 நாள் கழிந்தபின் விரும்பிய அளவு தின்ன விடலாம். பசுந்தீவனமாயின் இவ்வெடைக்கு ஏறக்குறைய நான்கு பங்கு வேண்டும். சுத்தமான நீர் எப்பொழுதும் அருகில் இருத்தல் வேண்டும். இம்முறை முழுவதும் மருத்துவரின் பார்வையில் நடைபெறுதல் உசிதம். இந்நாட்களில் வேலை வாங்குதல் அறவே கூடாது.

தேற்றும் தீவனம்

அபாயக் கட்டத்தைக் கடந்த குதிரைக்கும், மதிப்பு 3 அளவில் இளைத்த குதிரைக்கும் புல்லே முதல் ஆகாரம். குதிரையின் இரைப்பை சிறியது. புல்லைச் செரிப்பிப்பது பெருங்குடல். ஆதலால் நாள் முழுவதும் சிறிது சிறிதாக மேய்வதே அதன் இயல்பு. உடலெடையில் நூற்றுக்கு 2 பங்குக்குக் குறையாமல், அதாவது 265 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 5 கிலோவுக்கு மேல், உலர்ந்த அறுகம்புல்லும் குதிரைமசாலும் கலந்து கொடுத்தல் நலம்.

அடர்தீவனத்தைப் பொறுத்தவரையில், "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்னும் பழமொழி குதிரைக்கும் பொருந்துகின்றது. கொள்ளில் புரதம் உண்டு. கொழுப்போ மிகக் குறைவு. எள்ளில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். எண்ணெய், சம எடையுள்ள தானியத்தைப்போல் இரு மடங்குக்கு மேற்பட்ட சக்தி தருவதோடு, மாவுச்சத்தால் வரும் வயிற்றுநோயையும் உண்டாக்குவதில்லை. ஆகவே கொள்ளை வேகவைத்து நாளொன்றுக்கு அரைக் கிலோ அளவில் இரு வேளையாகக் கொடுத்து, அதனுடன் சமையல் எண்ணெயை 30 மில்லிலிட்டரில் தொடங்கி, மூன்று வாரங்களில் 150 முதல் 200 மில்லிலிட்டர் வரை உயர்த்தலாம். ஒரு வேளைக்குத் தானியம் ஒரு கிலோவை மீறலாகாது. எந்தத் தீவனத்தையும் 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாகவே மாற்றுதல் வேண்டும்.

விலக்க வேண்டியவை

மாட்டுத் தீவனத்தையும் கோழித் தீவனத்தையும் குதிரைக்கு வைத்தல் ஆகாது. அவற்றுட் சிலவற்றில் சேர்க்கப்படும் மோனென்சின் என்னும் மருந்து குதிரையின் இருதயத்தை அழித்து உயிரைப் போக்கும். பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு, பூச்சிமருந்து தெளித்த வரப்புப் புல், இளஞ்சோளப் பயிர் ஆகியவையும் விஷமே.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளில் வளரும் கொழுக்கட்டைப்புல் மாடுகளுக்கு மிக உகந்தது. ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் என்னும் பொருள் சுண்ணாம்புச் சத்தைப் பிணித்துவிடும். மாட்டின் அசையிரைப்பையிலுள்ள நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்துவிடுவதால் மாடு தப்புகின்றது. குதிரைக்கு அவ்வசதி இல்லை. இப்புல்லையே நெடுநாள் தின்ற குதிரைக்கு எலும்பு மெலிந்து, முகம் வீங்கி, நடை நொண்டி, உடல் இளைக்கும். தவிட்டை அளவின்றிக் கொடுத்தாலும் அதிலுள்ள பாஸ்பர மிகுதியால் இதே கேடு விளையும். சுண்ணாம்புச் சத்து மிகுந்த குதிரைமசாலை உடன் சேர்ப்பதும், மருத்துவர் சொல்லும் அளவில் தாதுக் கலவை கொடுப்பதும் இதற்குத் தடுப்பாகும்.

தேறிய உடலைக் காத்தல்

இளைப்பு ஒரே நாளில் வந்ததன்று. ஒரு மாதத்தில் நீங்குவதுமன்று. மாதம் 10 முதல் 15 கிலோ கூடினால் அது நல்ல தேற்றமே. பட்டினியால் மெலிந்த குதிரை பழைய நிலையை எய்த மூன்று முதல் ஐந்து மாதங்கள் செல்லும். மாதமொருமுறை அதே இடத்தில் நாடா பிடித்துக் குறித்து வைத்தல் வேண்டும். மதிப்பு 5-ஐ எட்டியதும் எண்ணெயையும் தானியத்தையும் குறைத்தல் வேண்டும். மிகக் கொழுத்த குதிரைக்குக் குளம்புநோய் காத்திருக்கின்றது. கோடையில் புல் அருகும். ஆதலால் தை, மாசி மாதங்களிலேயே அறுகை உலர்த்திச் சேமித்தல் வேண்டும். குதிரைமசால் ஒரு முறை விதைத்தால் மூன்று நான்கு ஆண்டு நின்று பலன் தரும். கிணற்றுப் பாசனமுள்ளோர் சில சென்ட் நிலத்தை அதற்கு ஒதுக்குதல் அனுகூலம்.

கிராம அதிகாரிகளுக்கு

போதிய தீனியும் நீரும் கொடாதிருத்தலும், நோயினாலோ முதுமையினாலோ வேலைக்குத் தகுதியற்ற பிராணியை வேலைக்கு உட்படுத்துதலும் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். கேட்பாரற்றுத் திரியும் மெலிந்த குதிரை கிராம அதிகாரியின் கவனத்திற்கு வருமாயின், ஊரார் இரக்கத்தால் சோறும் கொள்ளும் கொண்டுவந்து கொட்டாதவாறு முதலில் தடுத்து, நிழலிற் கட்டி, நீர் காட்டி, சிறிது உலர்ந்த புல்லை மாத்திரம் வைத்துக் கால்நடை மருத்துவரை வரவழைத்தல் வேண்டும். அன்றைய தினத்தில் அக்குதிரைக்குச் செய்யத்தக்க பேருதவி அதுவே.