வரத்துக்கால் அடைபட்ட கண்மாய்



அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்தில் சில கண்மாய்களை நாம் எல்லாருமே பார்த்திருக்கிறோம். கரை உயரமாக இருக்கும், மடையிலும் பழுது இருக்காது. ஆனால் ஐப்பசியில் நல்ல மழை பெய்தும் உள்ளே தண்ணீர் சேராது. வரத்துக்கால் தூர்ந்து, சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதே காரணம்.

செவ்வாய்க்கிழமை நவநாள், அக்டோபர் மாதச் செபமாலை, தவக்காலத்துச் சிலுவைப்பாதை, ஓரியூர் நேர்ச்சை எல்லாம் நம் பக்தி வாழ்வின் கரைகள். கரை இல்லாமல் தண்ணீர் நிற்காது. ஆகவே இவற்றை விட்டுவிடச் சொல்லவில்லை. உள்ளத்திலிருந்து இறைவனோடு பேசும் வழி அடைபட்டிருக்கும்போது, கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போகிறோமே, அதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். திருவழிபாட்டில் பங்கேற்போரின் உள்ளம் அவர்கள் வாய் சொல்வதோடு ஒத்துப்போக வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் நமக்கு நினைவூட்டியது.

ஓரியூர் என்றதும் புனித அருளானந்தர் நினைவுக்கு வருகிறார். 1985 வரை நம் வட்டாரமும் இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அவர் நமக்கு அந்நியர் அல்ல. மறவர் சீமையின் அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத்தேவர் கடும் நோயில் கிடந்தபோது அடிகளாரை அழைத்தார். அடிகளாரால் நேரில் போக முடியவில்லை. ஓர் உபதேசியாரை அனுப்பினார். அவர் நோயாளியின் அருகே நின்று விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி, நற்செய்தியை வாசித்தார். ஆரவாரம் ஒன்றும் இல்லை. நோயாளி குணமடைந்தார், திருமுழுக்கும் கேட்டார்.

இந்த இடத்தில் நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? அரச குடும்பத்தவர் தாமாகவே வந்து கேட்கிறார். முதலில் தண்ணீரை ஊற்றுவோம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்போம். அருளானந்தர் அப்படிச் செய்யவில்லை. தடியத்தேவருக்குப் பல மனைவியர் இருந்தனர். ஒரே மனைவியோடு வாழ அவர் மனம் உவந்து முன்வந்த பிறகே திருமுழுக்கு அளித்தார். விலக்கப்பட்ட பெண்களின் வேதனையையும் நாம் மறந்துவிடக் கூடாது. அவர்களில் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவினர். அவர் முறையிட்டதைத் தொடர்ந்து அடிகளார் சிறைப்பட்டார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார்.

ஒரு சடங்கை மட்டும் நிறைவேற்றியிருந்தால் அவர் உயிர் பிழைத்திருக்கக்கூடும். இறப்பதற்கு முந்தின நாள், கரியைக் குழைத்து மையாக்கி எழுதிய கடிதத்தில், இந்தச் சாவையே தாம் எப்போதும் செபத்தில் கேட்டுவந்ததாகக் குறிப்பிட்டார். கொலைக்களத்திலும் முழந்தாளிட்டுச் செபித்தார். உதட்டளவில் செபித்துப் பழகியவருக்கு அந்த நேரத்தில் அது வந்திருக்காது.

நம் வீடுகளுக்கு வருவோம். தொலைக்காட்சித் தொடர் ஆரம்பிப்பதற்குள் ஐந்து தேவ இரகசியங்களையும் முடித்துவிடும் வேகம் நமக்கு இருக்கிறது. அதைவிட, விடியற்காலையில் மல்லிகைப்பூ பறித்துக்கொண்டே, கடனையும் மகளின் திருமணத்தையும் சொல்லி ஆண்டவரிடம் அழும் தாயின் நான்கு சொல் போதும். பரிசேயரின் நீண்ட செபத்தையும் வரிதண்டுபவரின் ஒற்றை வரியையும் இயேசு பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாரே!

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன அண்ணனும் தம்பியும் ஒரே ஞாயிறு திருப்பலிக்கு வருகிறார்கள். சமாதானம் சொல்லும் நேரத்தில் ஒருவர் வலப்பக்கம் திரும்பிக் கைகூப்புகிறார், மற்றவர் இடப்பக்கம். காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு முதலில் சகோதரரிடம் போ என்று ஆண்டவர் சொன்னது இவர்களுக்குத்தான், நமக்குத்தான். ஓரியூருக்கு நேர்ச்சை ஆடும் முடியும் தவறாமல் போய்ச் சேருகின்றன. அடுத்த தெருவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பல வருடமாகிறது. வேன் புறப்படுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் ஒரு சாயங்காலம் அந்த வாசலுக்குப் போய், "அண்ணே" என்று கூப்பிட்டுப் பார்ப்போம்.