விமானப் படமும் தென்னை நோயும்

புதுவைப் பெரிய மார்க்கெட்டில் தேங்காய் வாங்குவோர் அதனைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பர். விரலால் தட்டியும் பார்ப்பர். ஓட்டை உடையாமலே உள்ளிருப்பதை அறியும் முயற்சி அது. விமானத்திலிருந்து எடுத்த படங்களை ஆராயும் அறிஞர் செய்வதும் ஏறக்குறைய அதுவே எனலாம்.

விமானம் நேர்கோட்டில் பறக்கையில், அடுத்தடுத்த படங்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டு நிலம் பொதுவாக அமையுமாறு படம் பிடிப்பர். அவ்விரு படங்களையும் ஸ்டீரியாஸ்கோப் என்னும் கருவியால் இணைத்து நோக்கின், மேடும் பள்ளமும் எழுந்து தோன்றும். நிறம், வடிவம், நிழல் இவற்றைக்கொண்டு பாறையின் இயல்பையும், ஆறு கைவிட்ட பழைய தடத்தையும், காட்டின் வகையையும் உய்த்துணர்வர். இக்கலையைப் பயிற்றுவிக்க 1966-இல் டேராடூனில் நெதர்லாந்து நாட்டின் துணையுடன் ஒரு நிலையம் தோன்றியது. இன்று அது இந்தியத் தொலையுணர்வு நிலையமாக விளங்குகிறது.

தென்னைக்கும் இக்கலை துணை புரிந்தது. கேரளத்தில் வேர்வாடல் நோய் தென்னந்தோப்புகளை நலிவித்து வந்தது. 1970-ஐ ஒட்டி விஞ்ஞானி பி. ஆர். பிஷாரடியும் குழுவினரும் ஹெலிகாப்டரில் பறந்து, அகச்சிவப்புக் கதிர்களை உணரும் வண்ணப் பிலிமில் அத்தோப்புகளைப் படமெடுத்தனர். நலமுள்ள ஓலை, நம் கண்ணுக்குப் புலப்படாத அக்கதிர்களை மிகுதியாகத் திருப்பியனுப்பும். ஆதலின் படத்தில் செக்கச் செவேலெனத் தோன்றும். நோயுற்ற ஓலையின் சிவப்போ மங்கிவிடும். தரையில் நின்று பார்ப்போருக்குப் பசுமையாகத் தோன்றும் மரத்தின் நோயும் இவ்வாறு வெளிப்படக்கூடும்.

இதனால் விளையும் பயன் யாது? இந்நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லை. பூச்சிகள் இதனை மரத்துக்கு மரம் பரப்புகின்றன. தமிழகத்தின் பொள்ளாச்சி வட்டாரத்திலும் இது பரவியுள்ளது. மிகவும் நலிந்த மரத்தை அகற்றி, ஏனையவற்றுக்கு நல்லுரமிட்டுக் காப்பதே வழி. எனவே, நோயை எவ்வளவு முன்னதாக அறிகிறோமோ அவ்வளவு தோப்பு பிழைக்கும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நீர்க்குறையாலும் உரக்குறையாலும் ஓலையின் நிறம் மாறுவதுண்டு. படத்தை மட்டும் நம்பிக் கோடரியை எடுத்தால், பல ஆண்டுகள் வளர்த்த நல்ல மரமும் வீழ்ந்துபடும்; உழவர் குடும்பத்துக்கு அது ஈடுசெய்ய இயலாத இழப்பன்றோ?

நம் புதுவையில் 1955-இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிலையம், தென்னாட்டுத் தாவரங்களைக் காட்டும் வரைபடங்களை வெளியிட்டது. அங்கே காட்டிலிருந்து கொணர்ந்து உலர்த்திய செடிகளையும் பேணி வருகின்றனர். வரைபடம் சொல்வதை நேரில் கண்ட இலை மெய்ப்பிக்க வேண்டும் என்பதை அது நமக்கு நினைவூட்டும். இன்று செயற்கைக்கோளும் ஆளில்லா விமானமும் படம் எடுக்கின்றன; கருவி மாறினும் முறை மாறவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதைப் படம் சுட்டிக்காட்டும். மரத்தடிக்குச் சென்று பார்த்தவரே முடிவு கூறவேண்டும்.