பழி யாருடையது? தாமாரின் கதை தரும் தீர்ப்பு

ஒருவருக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு, இழைத்தவரை விட்டுவிட்டு, அதை அனுபவித்தவரிடமே காரணம் தேடும் வழக்கம் மிகப் பழையது. அங்கே ஏன் போனாள், ஏன் தனியாகப் போனாள், ஏன் அன்றே சொல்லவில்லை என்ற கேள்விகள் விசாரணைபோலத் தோன்றினாலும், குற்றவாளியின் தோளிலிருந்து பழியை இறக்கிப் பாதிக்கப்பட்டவரின் தோளில் ஏற்றும் வேலையையே அவை செய்கின்றன. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ரயன் 1971இல் வெளியிட்ட நூலின் வழியாக, ‘பாதிக்கப்பட்டவரைப் பழித்தல்’ என்னும் பெயர் இதற்கு நிலைபெற்றது. ஏழைகளின், குறிப்பாகக் கறுப்பின மக்களின், குடும்ப வாழ்க்கையையே அவர்களுடைய வறுமைக்குக் காரணமாகக் காட்டிய வாதங்களை மறுப்பதற்காக எழுதப்பட்டது அந்நூல். பின்னர் அச்சொல் பாலியல் வன்முறைக்கும் குடும்ப வன்முறைக்கும் உரியதாக விரிந்தது.

திருச்சபைக்குள் நுழையும்போது இவ்வழக்கம் பக்தியின் மொழியைப் பேசத் தொடங்குகிறது. கர்த்தர் இதை ஏன் அனுமதித்தார் என்று உன்னையே ஆராய்ந்து பார் என்றும், மன்னித்துவிடு என்றும், குடும்பச் சாட்சி கெட்டுவிடும் என்றும் சொல்லப்படும்போது, காயம்பட்டவர் மனிதருக்கு முன்பாக மட்டுமன்றிக் கடவுளுக்கு முன்பாகவும் தாமே குற்றவாளி என்று நம்பத் தலைப்படுகிறார். இந்த நம்பிக்கைக்கு வேதாகமம் இடம் தரவில்லை என்பதை 2 சாமுவேல் 13ஆம் அதிகாரம் போலத் தெளிவாகக் காட்டும் பகுதி வேறொன்று அரிது.

அரச குடும்பத்துக்குள் நடந்தது

தாவீது அரசனின் மூத்த மகன் அம்னோன், வேறு தாய்க்குப் பிறந்த தன் சகோதரி தாமாரின்மேல் இச்சை கொள்கிறான். உறவினன் யோனதாபின் ஆலோசனைப்படி நோயாளிபோல் படுத்து, அவளே வந்து உணவு சமைத்துத் தர வேண்டும் என்று தகப்பனிடம் கேட்கிறான். தாமார் அங்கே போனது அரசனாகிய தகப்பனின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, நோயுற்ற சகோதரனுக்குப் பணிவிடை செய்வதற்காகவே. அவன் அவளைப் பிடித்தபோது அவள் வேண்டாம் என்று மறுக்கிறாள். இஸ்ரவேலில் இது தகாத செயல் என்று எச்சரிக்கிறாள். இந்த அவமானத்தைத் தான் எங்கே கொண்டுபோவேன் என்று கேட்கிறாள். அவள் பேச்சைக் கேளாமல், பலத்தினால் அவளை மேற்கொண்டான் என்று கதையாசிரியர் பதிவு செய்கிறார். அவளுடைய அழகைக் குறிப்பிடும் அவர், அதை எந்த இடத்திலும் குற்றத்திற்குக் காரணமாக்கவில்லை. அவள்மேல் ஒரு பழிச்சொல்லும் வைக்கவில்லை.

குற்றத்திற்குப் பின் நிகழ்வதும் அதே அளவு கூர்ந்து கவனிக்கத்தக்கது. அம்னோன் அவளை வெளியே தள்ளிக் கதவைத் தாழிடச் செய்கிறான். அவளோ அரசகுமாரிகளுக்குரிய தன் வஸ்திரத்தைக் கிழித்து, தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, சத்தமிட்டு அழுதபடி போகிறாள். அக்காலத்தில் இவை துக்கத்தின் வெளிப்படையான அடையாளங்கள். ஆகவே மறைத்துவைக்கும்படி எதிர்பார்க்கப்பட்ட கொடுமையை அவள் ஊரறியச் செய்தாள் என்றே கொள்ளலாம். அவளை மௌனமாக்குபவன், அவள்மேல் அன்புள்ள உடன்பிறந்த அண்ணன் அப்சலோம்: அவன் உன் சகோதரன், இதை மனதில் வைக்காதே என்கிறான். தாவீது கடுங்கோபம் கொள்கிறான். ஆனால் ஒன்றும் செய்யவில்லை. அவன் தன் மூத்த மகனை நேசித்ததால் அவனை வருத்தப்படுத்த விரும்பவில்லை என்ற விளக்கத்தைப் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு சேர்க்கிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொல்வித்தபோது பழி தீர்ந்தது. தாமாருக்கு நீதி கிடைக்கவில்லை. கேட்க வேண்டியவர்கள் கேளாமல் போனதன் விளைவாக அரச குடும்பமே சிதறுவதை அடுத்த அதிகாரங்கள் விவரிக்கின்றன.

யார் செய்த பாவம்?

அன்புள்ளவர்கள்கூட ஏன் பாதிக்கப்பட்டவரிடமே குறை காண்கிறார்கள் என்பதற்கு உளவியலாளர் மெல்வின் லெர்னர் ஒரு விளக்கம் அளித்தார். உலகம் நியாயமாக இயங்குகிறது, நல்லவர்க்கு நல்லதே நடக்கும் என்று மனிதர் நம்ப விரும்புகிறார்கள். ஒரு துயரத்தைத் தடுக்க இயலாதபோது, அந்த நம்பிக்கையைக் காத்துக்கொள்வதற்காகத் துயருறுபவரின் தகுதியையே குறைத்து மதிப்பிடுகிறார்கள். மின்னதிர்ச்சி பெறுவதாக நடித்த ஒரு பெண்ணைப் பிறர் பார்க்கச் செய்து, லெர்னரும் கரோலின் சிம்மன்ஸும் நடத்தி 1966இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது.

யோபின் நூல் இதே மனநிலையை வெகு காலத்திற்கு முன்பே தோலுரித்துவிட்டது. ஏழு நாள் மௌனமாக உடன் அமர்ந்திருந்த வரையில் யோபின் நண்பர்கள் நண்பர்களாகவே இருந்தார்கள்; வாய் திறந்தபோதோ, மறைந்த பாவம் ஏதோ இருக்க வேண்டும் என்று அவரை வற்புறுத்தினார்கள். இறுதி அதிகாரத்தில் கடவுளின் கோபம் யோபின்மேல் அன்று, அந்த நண்பர்கள்மேலேயே எழுகிறது. யோவான் 9ஆம் அதிகாரத்தில், பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்டு, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவரும் அல்லர், அவருடைய பெற்றோரும் அல்லர் என்று இயேசு அந்தக் கேள்வியின் அடிப்படையையே மறுக்கிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று அவர் சொன்னதை லூக்கா 13 பதிவு செய்கிறது.

மரபின் தெளிவும் தடுமாற்றமும்

மரபு முழுவதும் இத்தெளிவு ஒரே சீராக இருந்தது என்று கூற இயலாது. உபாகமம் 22, வயல்வெளியில் பலவந்தப்படுத்தப்பட்ட பெண்ணின்மேல் குற்றமில்லை என்றும், அச்செயல் கொலைக்கு ஒப்பானது என்றும் தீர்க்கிறது. ஆனால் ஊருக்குள் கூக்குரலிடாதவளை உடன்பட்டவளாகக் கொள்ளும் பகுதியும் அதே அதிகாரத்தில் உண்டு. அச்சத்தில் உடல் விறைத்துக் குரல் எழாமல் போவது இயல்பு என்று இன்று அறியப்பட்டிருக்க, அப்பகுதியைப் பாதிக்கப்பட்டவருக்கு எதிராக எடுத்தாள்வது அநீதி. நகரத்தின் நடுவில், சகோதரனின் வீட்டிலேயே மறுத்தும் மன்றாடியும் காப்பாற்றப்படாத தாமாரே அதற்கு மறுமொழி.

410இல் ரோம் நகரம் சூறையாடப்பட்டபோது வன்முறைக்கு உள்ளான கிறிஸ்தவப் பெண்களைப் பலர் இகழ்ந்தனர். அவர்களுக்காக வாதாடிய அகஸ்டின், கற்பு மனத்தின் பண்பு என்றும், மனம் உடன்படாதவரிடம் பிறர் செய்த பாவம் ஒட்டாது என்றும் ‘கடவுளின் நகரம்’ நூலின் முதற் பகுதியில் நிறுவினார். ஆயினும் அவரே, அப்பெண்கள் சிலரிடம் மறைவான பெருமை இருந்திருக்கலாம், அதைத் தாழ்த்தவே இது அனுமதிக்கப்பட்டிருக்கலாம் என்று பிற்பாடு எழுதுகிறார். முன்வாசல் வழியாக வெளியேற்றப்பட்ட பழி கொல்லைப்புறமாக மீண்டும் நுழைந்துவிடும் என்பதற்கு, மாபெரும் இறையியலாளர் ஒருவரின் இத்தடுமாற்றமே எச்சரிக்கை.

இழக்க முடியாத மதிப்பு

பழி நீங்கினால் மட்டும் போதாது. நொறுங்கிய தன்மதிப்பு மீள வேண்டும். அதற்குரிய அடித்தளம் ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்திலேயே இடப்பட்டிருக்கிறது. பண்டைய மேற்காசியாவில் தெய்வத்தின் சாயல் என்னும் சிறப்பு அரசர்களுக்கு வழங்கப்பட்டது. ஆதியாகமமோ அதை ஆண், பெண் அனைவருக்கும் உரியதாக்குகிறது. தேவசாயல் என்னும் இந்த மதிப்பு ஒருவரின் சாதனையால் வந்ததன்று. ஆகவே பிறர் செய்த கொடுமையால் போவதும் அன்று.

இதற்குச் சான்றாக ஆகார் நிற்கிறாள். எகிப்திய அடிமைப் பெண்ணான அவளை ஆபிராமும் சாராயும் ஒருமுறைகூடப் பெயர் சொல்லி அழைத்ததாகக் கதையில் இல்லை. வனாந்தரத்தில் அவளைப் பெயர் சொல்லி அழைப்பவர் கர்த்தருடைய தூதரே. தன்னைக் காண்கிற கடவுள் என்று கடவுளுக்கே பெயரிட்டவளாக வேதாகமத்தில் அவள் இடம்பெறுகிறாள். 18 ஆண்டுகள் கூனியாயிருந்த பெண்ணை, ஜெப ஆலயத்தின் நடுவில், ஆபிரகாமின் மகள் என்று இயேசு அறிமுகப்படுத்துகிறார். நோயும் பிறர் பார்வையும் அவளுக்கு வைத்திருந்த அடையாளத்தை அகற்றி, அவளுக்குரிய பெயரை ஊரார் முன்னிலையில் திரும்பத் தருகிற செயல் அது. மன்னிப்பைப் பற்றிப் பேசும் லூக்கா 17கூட, தவறு செய்தவனைக் கண்டிப்பதை முதலிலும், அவன் மனந்திரும்புவதை அடுத்தும் வைக்கிறது. கண்டிப்பு இல்லாத இடத்தில் பாதிக்கப்பட்டவரிடம் மட்டும் மன்னிப்பைக் கேட்பது வேதத்தின் வரிசையைத் தலைகீழாக்குவதாகும்.

தாமாரின் கதை, பல சபைகள் பின்பற்றும் பொது வாசகப் பட்டியலில் இடம்பெறவில்லை. தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் 1990களில் இறையியலாளர்களும் பெண்களும் இதைச் சேர்ந்து வாசிக்கத் தொடங்கியபோது, வேதாகமத்திலேயே இப்படியொரு கதை இருக்கிறது என்ற செய்தியே பலரைப் பேச வைத்தது; அந்த வாசிப்பு தாமார் இயக்கம் என்ற பெயரில் கென்யா போன்ற நாடுகளுக்கும் பரவியது. தமிழ்த் திருச்சபைகளும் இந்த அதிகாரத்தைப் பிரசங்க மேடையிலிருந்து வாசிக்கட்டும். போதகர்களும் பெண்கள் ஐக்கிய சங்கங்களும் அதைக் கேட்டு அழுபவர்களின் அருகில் முதலில் மௌனமாக அமரட்டும். பேச வேண்டிய நேரத்தில், இது உன் குற்றமன்று என்ற உண்மையைச் சொல்லட்டும்.