பங்குனி ஆமையும் இரவுக் காவலரும்

சித்திரை மாதத்தில் வீரபாண்டித் திருவிழா நடைபெறும்போது, பிழைப்பை நாடித் திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்ற நம் வட்டாரத்து மக்கள் ஊர் திரும்புவதை மாணவர்களாகிய நீங்கள் ஆண்டுதோறும் காண்கிறீர்கள். பிறந்த மண் மனிதரை அழைக்கிறது. மனிதரை மட்டுமா அழைக்கிறது? வாயில்லா உயிர்கள் சிலவும் தாம் பிறந்த இடத்தை மறவாமல் நெடுந்தொலைவு கடந்து திரும்பி வருகின்றன. அவ்வாறு வரும் உயிர்களைப் பற்றியும், அவை வந்து சேரும் இடத்தைக் கூலியின்றிக் காத்து நிற்கும் மக்களைப் பற்றியும் இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

இவ்வுயிர்களுள் உலகப் புகழ் பெற்றது சால்மன் என்னும் மீன். வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், குளிர்ந்த நீரோடைகளின் கூழாங்கற்களுக்கிடையே இது பிறக்கிறது. பின்னர்க் கடலுக்குச் சென்று சில ஆண்டுகள் வளர்கிறது. முட்டையிடும் பருவம் வந்ததும், ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து நீந்தித் தான் பிறந்த ஓடையையே நாடி வருகிறது. அந்த ஓடை மண்மேடிட்டுப் போனாலும், கழிவுநீரால் கெட்டாலும், அதன் வமிசம் அங்கே அற்றுப்போகும். ஆகையால் கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஊர் மக்களே குழுக்களாகக் கூடி ஓடைகளைத் துப்புரவு செய்து, கரையில் மரம் நட்டு, திரும்பி வரும் மீன்களை எண்ணிக் குறித்து வருகின்றனர். 1977 ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு தொடங்கிய சால்மன் பெருக்கத் திட்டமும் இத்தகைய தொண்டர்களுக்குத் துணை நின்றது.

நம் கடலில் சால்மன் இல்லை. நம் கரையில் கிடைக்கும் காலா மீனை ஆங்கிலேயர் ‘இந்தியச் சால்மன்’ என்று அழைத்ததுண்டு. ஆயினும் அது வேறு இனத்தைச் சேர்ந்தது. எனினும், பிறந்த இடத்தை நாடி வரும் உயிர் நம் கரைக்கும் வருகிறது. அதுவே பங்குனி ஆமை. பங்குனி மாதத்தை ஒட்டி மிகுதியாகக் கரையேறுவதால் மீனவ மக்கள் அதற்கு இப்பெயரிட்டனர். தை முதல் சித்திரை வரையில், இரவு நேரங்களில், பெண் ஆமை அலைகளினின்று வெளிப்பட்டு மணலில் ஊர்ந்து ஏறும். பின்கால்களால் ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் போன்ற குழி தோண்டும். அதில் நூறு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட முட்டைகளை இடும். மணலால் மூடித் தன் உடலால் அழுத்திச் சமப்படுத்திவிட்டுக் கடலுக்கு மீளும். திரும்பியும் பாராது. கதிரவனின் வெப்பமே செவிலித் தாயாக அம்முட்டைகளைப் பொரிக்கிறது. மணலின் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும் என்பது வியப்பன்றோ!

ஏறத்தாழ 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவருகின்றன. இரவில் கடலின் பக்கமே சற்று வெளிச்சமாகத் தோன்றும் என்பதை இயற்கை அவற்றுக்குக் கற்பித்துள்ளது. ஒளி தோன்றும் திசையை நோக்கி அவை விரைகின்றன. இங்கேதான் இக்காலத்து இடர் தொடங்குகிறது. சென்னை போன்ற நகரங்களில் கடலைக் காட்டிலும் தெருவிளக்குகளே மிகுதியாக ஒளிர்கின்றன. குஞ்சுகள் திசை தவறித் தெருவை நோக்கி ஊர்ந்து, வண்டிச் சக்கரத்தில் நசுங்கியும், நாய்க்கும் காகத்துக்கும் இரையாகியும் மடிகின்றன. முன்னாளில் முட்டைகளை உணவுக்காகத் தோண்டி எடுத்தோரும் உண்டு. தப்பிக் கடலை அடைந்த குஞ்சுகளிலும் ஆயிரத்தில் ஒன்றே வளர்ந்து முதிரும் என்று அறிஞர் மதிப்பிடுகின்றனர்.

இவ்வழிவைத் தடுக்க முதலில் எழுந்தோர் சிலரே. சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் 1970களின் முற்பகுதியில் கடற்கரையில் இரவுதோறும் நடந்து முட்டைகளைத் தேடலாயினர். அவர்களுள் ஒருவர் சதீஷ் பாஸ்கர். அவர் பின்னர் இந்தியக் கடற்கரையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கால்நடையாகவே அளந்து, ஆமைகள் கரையேறும் இடங்களைக் கணக்கெடுத்தார். 1982 ஆம் ஆண்டு மழைக்காலத்தில் இலட்சத்தீவுகளில் ஆளில்லாத் தீவொன்றில் தனித்துத் தங்கியும் ஆய்வு செய்தார். சென்னையில் அவர்கள் தொடங்கிய பணியை மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனமும், அதற்குப்பின் வனத்துறையும் சில ஆண்டுகள் நடத்தின. அம்முயற்சி நின்றபோது, ‘இனி யார் செய்வது?’ என்ற வினா எழுந்தது. விடையாக வந்தவர்கள் மாணவர்களே. 1988 ஆம் ஆண்டில் ‘மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு’ தோன்றியது. அதைத் தொடங்கிய மாணவருள் ஒருவரான கார்த்திக் சங்கர் பின்னாளில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகி, கடலாமை ஆய்வில் பெயர் பெற்றார்.

அவர்களுடைய ஓர் இரவுப் பணி எத்தகையது? நள்ளிரவை ஒட்டி நீலாங்கரையில் ஒன்றுகூடுகின்றனர். பெசன்ட் நகர் வரையில் அலையோரமாக நடக்கின்றனர். கைவிளக்கைக் கண்டால் ஆமை கரையேற அஞ்சுமாதலால் இருளிலேயே நடக்க வேண்டும். மணலில் டிராக்டர் சக்கரம் பதிந்தாற்போன்ற தடம் தென்பட்டால், அது ஆமை வந்து சென்ற வழி. தடத்தின் முடிவில் மெல்லிய கோலால் மணலைக் குத்திப் பார்ப்பர். மணல் நெகிழ்ந்து கொடுக்கும் இடத்தைக் கையால் தோண்டுவர். குழியின் ஆழத்தையும் அகலத்தையும் அளந்து, முட்டைகளை எண்ணிப் பையில் இட்டு, வேலியிட்ட பொரிப்பகத்துக்குக் கொண்டு சென்று, அதே அளவில் குழி செய்து புதைப்பர். நாள், இடம், முட்டைகளின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதுவர். குஞ்சுகள் வெளிவந்ததும், அவற்றைக் கடலோர மணலில் விட்டு, தாமாகவே ஊர்ந்து நீரை அடையச் செய்வர். வார இறுதி நாட்களில் பொதுமக்களும் உடன் நடப்பதுண்டு.

கேட்பதற்கு இனிமையாக உள்ளது. ஆனால் விடிய விடிய நடந்தும் ஒரு தடத்தையேனும் காணாத இரவுகள் பல. அவ்விரவுகளைப் பற்றி எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை. குஞ்சுகளைக் கடலில் விடும் மாலையில்தான் கூட்டம் கூடுகிறது. தொண்டர் தலைவரை நாம் அறிய வேண்டிய இடம் இதுவே. தடமில்லாத இரவுக்கு மறுநாளும் குறித்த நேரத்தில் வந்து நிற்பவர் எவரோ, அவரே தலைவர். அவருக்கு ஊதியமில்லை; பிறரைத் தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. வராதவரைக் கடிந்து பேசினால் அவர் மறுநாள் அறவே வாரார். தம் ஒழுங்கினாலேயே பிறரை ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும்.

தலைவருக்குரிய இரண்டாவது கடமை, தமக்குப்பின் வருவோரை ஆயத்தம் செய்தல். கல்லூரி மாணவர் மூன்று ஆண்டுகளில் ஊரை விட்டுச் செல்வார். ஓர் ஆமை முதிர்ச்சியடையவோ பதினைந்து ஆண்டுகள் ஆகலாம். இன்று கடலில் விட்ட குஞ்சு தாயாகித் திரும்பும்போது, அதை விட்ட மாணவருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். ஆகவே ஒருவருடைய ஆர்வத்தை நம்பி இப்பணி நிலைக்காது. கோலைப் பிடிக்கும் முறையையும் குழியைக் கண்டறியும் நுட்பத்தையும் மூத்தவர் இளையவருக்குக் கற்பித்து விலக வேண்டும். பட்டம் பெற்று ஊர் மாறும் மாணவர்கள் தொடங்கிய ஓர் அமைப்பு முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்திருப்பதன் இரகசியம் இதுவே என்று கருதுகிறேன்.

மூன்றாவது கடமை எல்லாவற்றிலும் அரிது. அஃது உண்மையை நேர்நின்று காணும் துணிவு. 2025 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் சென்னையையும் அதன் அண்டைக் கரைகளையும் சார்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிர். நீரின்மேல் வந்து காற்றை உண்டு செல்ல வேண்டும். இழுவை வலையில் அகப்பட்டு மேலே வர இயலாமற்போயின் மூச்சுத் திணறி இறக்கும். கரையை ஒட்டிய பகுதியில் இழுவைப் படகுகள் மீன்பிடிக்கலாகாது என்று 1983 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. சட்டம் ஏட்டில் இருந்தது, வலை கடலில் இருந்தது. நூறு முட்டைகளைக் காத்துப் பொரித்தும், முதிர்ந்த தாய் ஒன்று வலையில் மாண்டால் அவ்விழப்பை ஈடுசெய்வது எளிதன்று. பொரிப்பகத்தைக் காட்டி நிறைவடைந்துவிடாமல், ‘நாம் செய்வது போதாது’ என்று கூறவும் தலைவர் அறிந்திருக்க வேண்டும்.

அதற்காக மீனவரைப் பகைவராகக் கருதுவதும் தகாது. கட்டுமரத்திலும் சிறு படகிலும் செல்லும் மீனவருக்கும் இழுவை வலையால் கேடுண்டு. இதனை உணர்ந்து, சுப்ரஜா தாரணி என்னும் அம்மையார் 2002 ஆம் ஆண்டில் நிறுவிய ‘ட்ரீ பவுண்டேஷன்’ என்னும் அமைப்பு மீனவ இளைஞர்களையே கடலாமைப் பாதுகாவலராக்கியது. கடலை அறிந்தவனே காவலனானால் காவலுக்கு வலிமை மிகும்.

ஆண்டிபட்டியில் இருந்துகொண்டு கடலாமையைப் பற்றிக் கேட்பதால் பயன் என்ன என்று நீங்கள் வினவலாம். வருசநாட்டு மலையில் பிறந்து, நம் ஊருக்கு அருகே 1959 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அணையில் தங்கி, மதுரையைக் கடந்து கீழ்க்கடலை நோக்கிச் செல்வதே வைகை. நாம் ஆற்றில் எறியும் பிளாஸ்டிக் பை, வெள்ளம் பெருகும் ஆண்டில் அக்கடலைச் சென்றடையலாம். நம் ஆறுகளில் வாழும் விலாங்கோ சால்மனுக்கு நேர்மாறானது. கடலில் பிறந்து, ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே மீள்வது. மலையும் கடலும் தனித்தனி உலகங்கள் அல்ல என்பதற்கு அம்மீனே சான்று.

உங்கள் ஊரிலும் ஒரு கண்மாய் உண்டு. ஓர் ஓடை உண்டு. நண்பர் நால்வர் சேர்ந்து வாரம் ஒருமுறை அங்கே செல்லுங்கள். நீரின் அளவு, வந்த பறவைகள், கிடைத்த மீன்கள், கொட்டப்பட்ட குப்பை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் நாளிட்டு எழுதுங்கள். எழுதுவதற்கு ஒன்றுமில்லாத வாரத்திலும் ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதுங்கள். பள்ளியை விட்டுச் செல்லும் நாளில் அக்குறிப்பேட்டை அடுத்த வகுப்பு மாணவரிடம் ஒப்படைத்துச் செல்லுங்கள். தலைமை என்பது பதவியில் இல்லை. தொடங்கியதை விடாமல் நடத்தி, உரிய காலத்தில் பிறர் கையில் கொடுப்பதில்தான் இருக்கிறது.